உருளைக்கிழங்கும் யாழ்ப்பாணத்துக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று தேசப்படத்தில் இருக்கிறதுதான். ஆனால் அது மாரி மழைக்குத் தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு அராலிக் கடலில் போய் விழுந்து, கோடை வந்ததும் காய்ந்து தரையாகிவிடும் ஒரு வெள்ள வாய்க்கால். அநுராதபுரத்திலும் வன்னியிலும் இருப்பது போன்ற பெருங்குளங்களும் இங்கே இல்லை. ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் சுண்ணக்கல் தரை, சுற்றிவரக் கடல், அவ்வளவுதான். இந்தத் தரையிலிருந்து 1970களில் லொறி லொறியாகத் தென்னிலங்கைக்கு உருளைக்கிழங்கு போனது! தண்ணீரை அடிக்கடி, தவணை தவறாமல் கேட்கும் ஒரு குளிர்நாட்டுப் பயிர் அது. அது எப்படி இங்கே வந்தது, பிறகு ஏன் போனது என்று தேடிப்பார்த்தால், அந்தக் கதையில் விவசாயத்தை விட வர்த்தகமே கூடுதலாக இருக்கிறது எனலாம்.

முதலில் கிணற்றுக்குள் இருப்பது என்ன என்று பார்த்துவிட வேண்டும். குடாநாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கொட்டுகிற நீரில் ஒரு பகுதி கடலுக்கு ஓடுகிறது, ஒரு பகுதி ஆவியாகிறது, மிச்சம் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. அப்படி இறங்கிய நன்னீருக்குக் கீழே கல்தளம் ஒன்றும் இல்லை, உப்புநீர்தான் இருக்கிறது. உப்புநீரை விட நன்னீர் சற்று இலேசானது என்பதால் எண்ணெய் தண்ணீரில் மிதப்பது போல அது மேலே மிதக்கிறது. இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாடன் கைபன் என்ற டச்சுப் பொறியியலாளரும், 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியாகக் கண்டுசொன்னார்கள். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நல்ல செய்தி போலத்தான் இருக்கிறது. திருப்பிப் போட்டால்தான் பயம் தெரியும். மேலே ஒரு அடி இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றால் கிணறு வற்றிப்போவது என்று நினைக்கக்கூடாது. கிணற்றில் தண்ணீர் இருந்துகொண்டே இருக்கும், அது உவர்த்துப் போயிருக்கும். நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஊர்க்காரர் சொல்வதும் இதுதான்: மேலே அள்ளினால் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு.

இந்தக் கிணறுகளைக் கொண்டு யாழ்ப்பாணத்தார் உருளைக்கிழங்குக்கு முன்பே நூற்றாண்டுக் கணக்கில் தோட்டம் செய்திருக்கிறார்கள். அன்றைய பணப்பயிர் புகையிலை. யாழ்ப்பாணப் புகையிலைக்கு மலையாள நாட்டில், முக்கியமாகத் திருவிதாங்கூரில், பெரிய சந்தை இருந்தது. அந்தச் சந்தை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெல்ல மெல்லச் சுருங்கியது. ஒரு கிணற்றால் எந்தப் பயிருக்கு இறைப்பது என்பதைக் கடலுக்கு அப்பால் இருக்கும் யாரோ தீர்மானிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இறைப்பு என்றால் அன்று துலா. கிணற்றடியில் நட்ட ஆடுகாலின் மேல் நீளமான மரம் ஒன்று குறுக்கே கிடக்கும். அதன் ஒரு முனையிலிருந்து துலாக்கொடியும் பட்டையும் தொங்கும். துலாவின் மேல் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மரம் தாழ்ந்து உயரும். கிணற்று வாயில் நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். தோட்டத்துக்குள் இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாறிவிடுவார். விடியப்புறம் தொடங்கினால் வெயில் ஏறும் வரைக்கும் இதே வேலை. மிதிப்பவர் கால் தவறினால் கிணற்றுக்குள்தான்!

இந்த முறையில் உருளைக்கிழங்குக்கு இறைப்பது என்றால் எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலக உணவு விவசாய நிறுவனத்தின் கணக்குப்படி, 120 முதல் 150 நாள் நிற்கும் உருளைக்கிழங்குப் பயிருக்கு 500 முதல் 700 மில்லிமீற்றர் நீர் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பயிர் ஏறக்குறைய மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்பதால் 400 என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு பரப்புக் காணி என்பது 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 400 மில்லிமீற்றர் நீர் என்றால் ஒரு பரப்புக்கு ஒரு இலட்சம் லீற்றர். அதில் பாதியை மழை தந்துவிட்டது என்று தாராளமாக விட்டுவிட்டாலும் மிச்சம் 50,000 லீற்றர். பட்டை ஒன்றுக்கு 20 லீற்றர் என்றால் 2,500 தடவை அள்ள வேண்டும். பதினாறு பரப்புக் கொண்ட ஒரு ஏக்கருக்கு 40,000 தடவை! வாய்க்காலில் சுவறிப்போவது இதில் சேரவில்லை.

ஆகவே துலாக் காலத்தில் ஒரு குடும்பம் எவ்வளவு தோட்டம் செய்யலாம் என்பதற்கு எல்லை போட்டது கிணறு அல்ல, கால். மனிதக் கால் களைக்கும் வேகத்துக்குத்தான் தண்ணீர் மேலே வந்தது. அந்த வேகத்துக்குச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலிருந்து நீர் ஊறிக் கிணற்றை நிரப்பிக்கொண்டிருந்தது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்று அந்தக் காலத்தவர்கள் ஞானத்தோடு துலாவைக் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் எழுதுவது மிகை. வேறு வழி இல்லாததால் மிதித்தார்கள். ஆனால் விளைவு நல்லதாகவே இருந்தது.

இங்கே காணி உறுதிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில், நிலத்தின் அளவு, எல்லைகள், பனை வடலிகளோடு கிணற்றில் இவ்வளவு பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை என்று எழுதியிருக்கும். தகப்பன் காணியைப் பிள்ளைகள் பிரிக்கும்போது கிணறும் பிரியும். மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, சில இடங்களில் பன்னிரண்டில் ஒன்று. பங்கு என்றால் முறை, அதாவது இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு. ஆனால் உறுதி பிரித்துக்கொடுத்தது கிணறு என்ற குழியைத்தான். அடியில் ஊர் முழுவதற்கும் பொதுவாகக் கிடந்த நன்னீரில் யாருக்கு எவ்வளவு என்று எந்த நொத்தாரிசும் எழுதவில்லை. துலா இருந்தவரை அப்படி எழுத வேண்டிய தேவையும் வரவில்லை.

1950களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவத் தொடங்கின. ஊர்வழக்கில் மிசின். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். மூன்று பேர் காலை முழுக்கச் செய்த வேலையைச் சிறிது நேரத்தில் ஒருவர் செய்து முடிக்கலாம். துலா மிதித்தவர்களைக் கேட்டால் இதை வரம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அதில் பிழையும் இல்லை. ஆனால் மிசின் வந்ததும் காலுக்கு இருந்த எல்லை போய்விட்டது. இனி எல்லை போடக்கூடியது எண்ணெய் விலையும் பயிர் விலையும் மட்டும்தான். எண்ணெய்க்குச் செலவழிக்கும் காசை விடக் கூடக் காசு பயிரில் வந்தால் இறைக்கலாம், இல்லாவிட்டால் விடலாம். தண்ணீருக்கென்று தனியாக ஒரு விலையும் கிடையாது.

சரி, பயிர் விலை எங்கிருந்து வந்தது?

இலங்கையில் உருளைக்கிழங்கு முதலில் ஊன்றியது நுவரெலியாவில். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் கொண்டுவந்த பயிர் அது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது மலைநாட்டுப் பயிராகவே இருந்தது, நாட்டுக்குத் தேவையான மிச்சக் கிழங்கு கப்பலில் வந்தது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது டட்லி சேனநாயக்க அரசாங்கம் உள்ளூர் உணவு உற்பத்தியைப் பெருக்கும் முயற்சியில் இறங்கியது. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு அது சந்தைக் கதவு திறந்த மாதிரி. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியையும் இறுக்கிப் பிடித்தது. நாட்டின் மற்றப் பகுதிகளில் பாணுக்கு வரிசையில் நின்ற அதே ஆண்டுகள் யாழ்ப்பாணத் தோட்டக்காரர்களுக்குப் பொற்காலமாக இருந்தன. கல்வீடுகள் எழும்பின, பிள்ளைகள் படித்தார்கள். அந்தத் தலைமுறையினர் பலர் இன்றும் சிறிமாவோ காலத்தை நல்ல மாதிரிப் பேசுவதற்குக் காரணம் அரசியலை விட வெங்காயமும் மிளகாயும் கிழங்கும்தான்!

குளிர்நாட்டுப் பயிர் வெப்ப பூமியில் எப்படி விளைந்தது என்று கேட்கலாம். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றோடு குடாநாட்டில் இரவுகள் ஓரளவு குளிரும். கிழங்கு வைப்பதற்கு இரவுக் குளிர்ச்சி முக்கியம். அந்தச் சிறிய இடைவெளியைப் பிடித்து, மழை தணியும் தறுவாயில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டிவிடுவார்கள். விதைக்கிழங்கு நெதர்லாந்து போன்ற நாடுகளிலிருந்து வந்தது. (உண்ணும் கிழங்குக்குத் தடை, விதைக்கிழங்குக்கு இறக்குமதி! இந்த முரண்பாடு இன்று வரை முற்றாகத் தீரவில்லை.) தண்ணீர்க் கணக்கிலும் இந்தப் பருவம் பொருத்தமானது. தை மாதத்தில்தான் நிலத்தடி நீர் நிரம்பி நிற்கும். ஆனால் அதோடு இறைப்பு முடிந்துவிடவில்லை. கிழங்கு கிண்டிய அதே தரையில் வெங்காயமோ மிளகாயோ மரக்கறியோ வரும். கோடை முழுவதும் அதே கிணற்றால் இறைக்க வேண்டும். கிழங்கால் வந்த காசு இன்னொரு மிசினுக்கும் இன்னொரு கிணற்றுக்கும் முதலாக மாறியது. பாறையை வெடி வைத்துப் பிளந்து புதுக் கிணறுகள் தோண்டினார்கள்.

உருளைக்கிழங்கின் வேர் ஆழம் போகாது. தேவையான நீரில் பெரும்பகுதியை மேல் மண்ணின் ஒன்றரை, இரண்டு அடிக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும். கிழங்கு வைக்கத் தொடங்கும் நாட்களிலும் கிழங்கு பருக்கும் நாட்களிலும் மண் காய்ந்தால் விளைச்சல் அடிபடும். காயவிட்டுப் பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் கிழங்கு வெடிக்கும், கோணல்மாணலாக வளரும். கடைசியில் கிண்டுவதற்கு முன் தண்ணீரை நிறுத்தத்தான் வேண்டும், அப்போதுதான் தோல் முற்றும். தண்ணீரை மிச்சம்பிடிக்க இந்தப் பயிர் விடுகிற இடம் அந்தக் கடைசிக் காலம் ஒன்றுதான் என்று சொல்லலாம். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம், பலாலிப் பக்கத்துச் செம்மண்ணோ நீரைத் தேக்கி வைத்திருக்கும் மண் அல்ல. ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் இறைக்க வேண்டும். பாத்தி கட்டி, வாய்க்கால் வெட்டி, பாத்தி நிறைய விட்டார்கள்.

அப்படி விட்ட தண்ணீரில் பயிர் குடித்ததும் வெயில் குடித்ததும் போக மிச்சம் எங்கே போனது என்பது இந்தக் கதையின் முக்கியமான இடம். அது வீணாகவில்லை. செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் வடிந்து, அதே கிணற்றுக்கே திரும்பியது. தண்ணீரின் அளவை மட்டும் பார்த்தால் யாழ்ப்பாணத்துப் பாத்தி முறை, பலர் திட்டுகிற அளவுக்கு ஊதாரித்தனமானது அல்ல. ஆனால் அது வெறுங்கையோடு திரும்பவில்லை. முன்பு குழை தாழ்த்தியும், மாட்டுப்பட்டி கட்டியும், பனையோலை புதைத்தும் பசளை இட்ட நிலத்தில் இப்போது அவற்றோடு யூரியாவும் விழுந்தது. விலை நல்லாயிருந்தபடியால் அளவுக்கு மேலேயே விழுந்தது. பயிர் எடுக்காத யூரியா நைத்திரேற்றாக மாறி நீரோடு கீழே போனது. 1980களில் செய்த ஆய்வுகளில், தீவிரமாகத் தோட்டம் செய்யும் பகுதிகளின் பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பது தெரியவந்தது. அந்தத் தண்ணீரில் மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலை அது குறைத்துவிடும். தோட்டக் கிணறும் வீட்டுக் கிணறும் வேறு வேறாகத் தெரிந்தாலும் அடியில் தண்ணீர் ஒன்றுதானே.

உப்பும் மெல்ல ஏறியது. மிசின் வேகமாக இழுக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே இருக்கும் உப்புநீர் கூம்பு போல மேலெழும். துலாவில் இது அரிதாகவே நடந்திருக்கும். கரையோரக் கிராமங்களில் தோட்டக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கின. உருளைக்கிழங்கும் சரி வெங்காயமும் சரி, உப்பை அதிகம் தாங்குகிற பயிர்கள் அல்ல. இதில் தனி ஒருவரைக் குற்றம் சொல்வதும் கடினம். ஒருவர் தன் மிசினை நிறுத்தி வைத்தால் அந்தத் தண்ணீர் அவருக்குச் சேமிப்பாக இருக்காது, பக்கத்து வேலிக்காரரின் மிசினுக்குப் போய்விடும். பொதுச் சொத்து இப்படித்தான் அழியும் என்று கரெட் ஹார்டின் எழுதிய பிரபலமான கட்டுரை 1968இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்கு ஊன்றத் தொடங்கியதும் அதே காலத்தில்தான்.

தண்ணீரைக் கூட்டுவதற்கு ஒரு யோசனை இருக்கத்தான் செய்தது. கடல்நீரேரிகளை அடைத்து, மழைநீரால் கழுவி, நன்னீர் ஏரிகளாக மாற்றினால் நிலத்தடி நீரும் உயரும் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் அரசாங்க அதிபராக இருந்த துவைனத்தின் காலத்திலேயே பேசப்பட்டது. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் இதை 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு' என்ற திட்டமாக வகுத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் பக்கமாக ஒரு கால்வாய் வெட்டி, அந்த நீரை வடமராட்சிக் கடல்நீரேரிக்கும் உப்பாறுக்கும் கொண்டுபோவது திட்டம். தொண்டைமானாறிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன, ஆனையிறவிலும் வேலை நடந்தது. இணைக்கும் கால்வாய் மட்டும் முடியவில்லை. கட்டிய தடுப்பணைகளும் பராமரிப்பில்லாமல் பழுதாகின. இறக்குமதித் தடையால் காசு புரண்ட அந்தப் பத்து ஆண்டுகளில் அந்தக் கால்வாய் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையின் மிச்சம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்க, யாழ்ப்பாணத் தோட்டங்கள் பலமாக அடிபட்டன. உருளைக்கிழங்குக்கு மட்டும் பாதுகாப்பு இன்னும் சில காலம் நீடித்தது. பிறகு யுத்தம். 1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்ததும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய், பசளை உள்ளிட்ட பொருட்களுக்குத் தடை அல்லது கட்டுப்பாடு வந்தது. மண்ணெண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கின் அருமையான செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. கிணறுகள் அங்கேயே நிறைந்து கிடந்தன, இறைக்க ஆட்கள் இல்லை. மறு ஆண்டு, 1996இல், உருளைக்கிழங்கு இறக்குமதியும் தாராளமாக்கப்பட்டது. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் கமக்காரர் கூச்சல் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த நேரம் அதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை.

2009க்குப் பிறகு உருளைக்கிழங்கு மெல்லத் திரும்பி வந்தது. காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன, விதைக்கிழங்கு மானியத்தில் கொடுக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் விசேட பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ், உள்ளூர் அறுவடைக் காலத்தில் இறக்குமதிக் கிழங்குக்கு வரியைக் கூட்டுவதும் பிறகு குறைப்பதும் வழக்கமாயிற்று. வரி ஏறுமா, எப்போது ஏறும் என்பது தெரியாமலேயே மார்கழியில் நட வேண்டும். சில தோட்டங்களில் பாத்திக்குப் பதிலாகத் தூவல் குழாய்கள் வந்திருக்கின்றன. பயிருக்கு வேண்டியதை மட்டும் மெதுவாகத் தூவினால் மண்ணெண்ணெயும் மின்சாரமும் மிச்சம், நைத்திரேற்று கீழே இறங்குவதும் குறையும். ஆனால் குழாய்க்குப் போடும் முதலை ஒரு போகத்தில் எடுக்க முடியாது. ஆறில் ஒரு பங்குக் கிணறும் நாலு பரப்பும் வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு இலேசில் சரிவராது.

குடிநீருக்கு இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் நின்றது. அதற்குப் பதிலாக வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. உப்பைப் பிரித்தெடுத்த அந்த நீருக்கு மீற்றர் உண்டு, மாதாமாதம் பட்டியல் வரும். தோட்டக் கிணற்று நீருக்கு இன்னமும் மீற்றர் இல்லை.